பதினாறு பக்கம் ஓடிய நாய்

குமுளி எல்லையிலிருந்து லோயர் கேம்ப்புக்கு இறங்கும் மலைச்சாலையில், இரண்டாவது வளைவைக் கடந்து நடந்துகொண்டிருந்தேன். கொச்சியிலிருந்து வந்த பஸ் என்னை விடிகாலையில் குமுளியில் இறக்கிவிட்டிருந்தது. கீழே போக ஜீப்பும் பஸ்ஸும் நின்றன. நான் ஏறவில்லை. ஒரு வேலையை விட்டால் முதல் சில மைல்களை நடந்து கழிப்பது என் வழக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனியை விட்டபோது அவிநாசி வரை நடந்தேன். கம்பத்தில் போர்டு எழுதும் கடையை விட்டபோது உத்தமபாளையம் வரை. வண்டியில் ஏறினால் அடுத்த இடம் சீக்கிரம் வந்துவிடும். போய்ச் சேர்ந்ததும் யாராவது ஏதாவது கேட்பார்கள்.

முதுகில் துணிப்பை இருந்தது. கையில், மழைக்கு பிளாஸ்டிக் உறை சுற்றிய அட்டைக் கோப்பு. அதற்குள் பதினாறு படங்கள். இரண்டு நாட்களுக்கு முன்பு, சனிக்கிழமை, கொச்சியில் ஏழு வருடம் இருந்த அனிமேஷன் ஸ்டுடியோ வேலையை விட்டிருந்தேன். மலை இறங்கிய அன்று, திங்கட்கிழமை மதியம், தேனியில் ஒரு பதிப்பாளரிடம் அந்தப் பதினாறு படங்களைக் கொடுக்க வேண்டும். அவர் எடுத்துக்கொண்டால் நான் குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் போடுகிறவன். எடுத்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆவேன் என்பதை நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் சனிக்கிழமை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

மூன்றாவது வளைவில் நாலைந்து பேர் ஓரக் கற்களுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டிகள் பள்ளத்தில் இறங்காமலிருக்க நட்டு வைத்த கற்கள். ஒவ்வொரு கல்லிலும் ஒரு சாண் வெள்ளை, ஒரு சாண் வெறும் கல், மறுபடி ஒரு சாண் வெள்ளை. தலையில் துண்டு கட்டியிருந்த மேஸ்திரி என்னைப் பார்த்து வேலையை நிறுத்தினார்.

"ஏப்பா, நடந்தா எறங்குற? பஸ்ஸுக்காரன் எறக்கி விட்டுட்டானா?"

"இல்லண்ணே, சும்மாதான் நடக்குறேன்."

வாளியில் வர்ணம் கலக்கிக்கொண்டிருந்த பெண் தலையைத் தூக்காமலே சொன்னாள். "சும்மா யாராச்சும் இந்த மலையில நடப்பாகளாண்ணே? கேரளாவுல பொண்ணு கட்டி, பிடிக்காம ஓடியாராரு போல."

"அப்ப அந்தப் பொண்ணு தப்பிச்சுச்சு" என்றார் மேஸ்திரி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் என் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணில் பழுப்பு வர்ணம் காய்ந்திருந்தது. நான் வரைந்த நாயின் நிறம்.

"பிரஷ் புடிச்ச கையால்ல இருக்கு! கறுப்பு அடிக்கிறவன் தேவாரத்துல கல்யாணம்னு போனவன் போனவன்தான். வெள்ளை மட்டும் அடிச்சு வச்சிட்டுப் போய்க்கிட்டே இருக்கோம். நிக்கிறியா?"

"நான் புத்தகத்துக்குப் படம் போடுறவண்ணே."

சொன்ன பிறகுதான், அதை முதன்முதலாக ஒரு வேற்று மனிதரிடம் சொல்கிறேன் என்று தெரிந்தது. மேஸ்திரி கேலி செய்யவில்லை. "அப்பச் சரி. பெரிய வேலை" என்று வழிவிட்டார். அந்தப் பெண்தான், "புத்தகத்துல எங்களையும் போடுங்க, நல்ல சேலையா உடுத்திப் போடுங்க" என்றாள்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படிப்பு ஏறவில்லை என்பது ஒரு காரணம். ஒரே இடத்தில் உட்கார முடியவில்லை என்பதுதான் முக்கியமான காரணம். போர்டு எழுதினேன். பிளெக்ஸ் வந்து அது போனது. கொச்சியில் ஓர் ஓட்டல் சுவரில் மீன் வரையப் போன இடத்தில், அதே கட்டடத்தின் மாடியில் இருந்த ஸ்டுடியோக்காரர் என் கோட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். அங்கே ஏழு வருடம் தங்கியது எனக்கே ஆச்சரியம்.

அங்கே என் வேலைக்கு இன்பிட்வீன் என்று பெயர். ஒரு குரங்கு கையைத் தூக்க வேண்டும் என்று வையுங்கள். கை கீழே இருக்கிற முதல் படத்தையும், மேலே போய்ச் சேர்ந்த கடைசிப் படத்தையும் மூத்தவர் ஒருவர் வரைவார். நடுவில் கை போகிற வழியில் ஏழெட்டுப் படங்கள் வேண்டும். அவை என்னுடையவை. அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் அந்த இரண்டு படங்களையும் அடுக்கி, மேலே வெறும் தாளை வைத்து, கீழே தெரியும் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் ஒரு கோடு இழுக்க வேண்டும். தாள் நகராதிருக்க ஒவ்வொரு தாளின் அடியிலும் மூன்று துளைகள் போட்டு, மேசையிலுள்ள மூன்று முளைகளில் மாட்டுவோம். ஏழு வருடமும் நடுப்படம்தான் போட்டேன். முதல் படமோ கடைசிப் படமோ ஒன்றுகூட வரையக் கிடைத்ததில்லை. ஒருமுறை கேட்டேன். "நின்டெ கை சுத்தம்டா. அது போதும்" என்று ஸ்டுடியோக்காரர் தோளில் தட்டினார். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் டீக்கடையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தொடர். குரங்கு கையைத் தூக்கியது. அதில் எட்டுப் படம் நான் இரண்டு நாள் உட்கார்ந்து போட்டவை. 'இது நான் போட்டது' என்று கடைக்காரரிடம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் குரங்கு மரத்தைவிட்டே போய்விட்டது. அன்றிலிருந்து எனக்கு ஓர் ஆசை. நான் வரைந்த ஒரு படமாவது நிற்க வேண்டும். ஒரு பிள்ளை அதன்மேல் எச்சில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்கிற அளவுக்காவது நிற்க வேண்டும்.

அந்த ஆசைக்கு வழி தேனியில் கிடைத்தது. தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தபோது கடைவீதியில் ஒரு நோட்டுப் புத்தகக் கடையில் தாள் வாங்கினேன். முதலாளி மொத்த வியாபாரி. சில வருடமாக, நர்சரிப் பிள்ளைகளுக்குப் படக்கதைப் புத்தகங்களும் அச்சிட்டுப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்துவந்தார். அவர் பில் போடும் நேரத்தில் ஒரு தாள் ஓரத்தில் கோம்பை நாய் ஒன்றைக் கிறுக்கினேன். கோம்பைதான் என் ஊர். அந்த நாயைக் கண்ணை மூடிக்கொண்டும் போடுவேன். முதலாளி அந்தத் தாளை உள்ளே எடுத்துப் போய் மனைவியிடம் காட்டினார். அவர் நர்சரிப் பள்ளி டீச்சர். கதைகளை அவர்தான் எழுதுவார். நாய்க்கதை ஒன்று அவரிடம் தயாராக இருந்தது. ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் வேலைக்குப் போகும் பெண்ணின் பின்னால் அவள் வளர்க்கும் நாய் ஓடுகிறது. ஒவ்வொரு ஊராகக் கடந்து, எல்லையில் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் சாயங்காலம் வரை காத்திருக்கிறது. அவள் திரும்பி வந்து அதன் தலையைத் தடவுகிறாள். பதினாறு பக்கம். இது நன்றாக வந்தால் அந்த வருடம் இன்னும் ஐந்து புத்தகம் எனக்கே என்றார் முதலாளி.

கொச்சிக்குத் திரும்பி, வேலை முடிந்த பிறகு அறையில் உட்கார்ந்து வரைந்தேன். முதல் பக்கத்தைப் போனில் படம் பிடித்து அனுப்பியபோது டீச்சருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அப்போதுதான் ஸ்டுடியோவில் மாற்றம் வந்தது. கண்ணாடி மேசைகளை எடுக்கப்போகிறோம், இனி எல்லாம் கம்ப்யூட்டர், தலை தனி கால் தனியாக வரைந்து பொம்மைபோல் கோத்து ஆட்டுவது, படித்துக்கொண்டால் உனக்கும் ஒரு நாற்காலி உண்டு என்றார் ஸ்டுடியோக்காரர். ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். வெளியே படம் போடக் கூடாது. சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

கூடலூரில் கட்டிக்கொடுத்திருந்த அக்காவிடம் போனில் கேட்டேன்.

"எதுல சோறு நிச்சயம்?" என்றாள்.

"ஸ்டுடியோவுலதான்."

"அப்ப அங்கனயே இரு. இத எதுக்கு என்னையக் கேக்குற?"

சனிக்கிழமை மதியம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டுப் படி இறங்கினேன்.

லோயர் கேம்ப்பில் பஸ் பிடித்துத் தேனிக்குப் போனபோது மதியமாகியிருந்தது. கடையில் முதலாளியும் டீச்சரும் எனக்காகக் காத்திருந்தார்கள். குளிர்பானம் வரவழைத்தார்கள். நான் கோப்பைப் பிரித்து மேசையில் வைத்தேன்.

முதலாளி நோட்டு வியாபாரி. எந்தக் கட்டுத் தாளைக் கொடுத்தாலும், பக்கம் விட்டிருக்கிறதா என்று பார்க்கக் கட்டைவிரலால் ஓரத்தைப் பிடித்து விசிறிவிடுவார். என் படங்களையும் பழக்கதோஷத்தில் அப்படியே விசிறினார். விசிறியவர் நிறுத்தினார். மறுபடி விசிறினார்.

"ஏம்மா, இங்க பாரேன். நாய் ஓடுது!"

உண்மையிலேயே ஓடியது. நாலு கால்களும் மடங்கி நீண்டு, காது படபடத்து, பின்னால் திராட்சைப் பந்தல் கால்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து போயின. கடைப் பையன்களைக் கூப்பிட்டு இன்னொரு முறை விசிறிக் காட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இருந்தது.

டீச்சர் சிரிக்கவில்லை. தாள்களை வாங்கி, ஒவ்வொன்றாக மேசையில் வரிசையாகப் பரப்பினார். குனிந்து ஒரு தாளின் அடியைத் தடவினார்.

"இதென்ன தம்பி, மூணு ஓட்டை?"

அப்போதுதான் நானே பார்த்தேன். பதினாறு தாளிலும் துளை போட்டிருந்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் முந்தின பக்கத்தின்மேல் வைத்து, அடியில் விளக்கை எரியவிட்டுத்தான் வரைந்திருக்கிறேன். அறையில் மேசை இல்லாததால் ஒரு கண்ணாடித் துண்டை வாங்கி, இரண்டு செங்கல்மேல் வைத்து, அதற்கே முளையும் ஒட்டினேன். அதைச் செய்தபோது ஏன் செய்கிறேன் என்று கை கேட்கவில்லை.

"அதில்லாமப் போடப் பழக்கமில்ல டீச்சர்."

அவர் ஐந்தாவது பக்கத்தைக் காட்டினார். "இதுல நாய் உத்தமபாளையம் வரணும்."

"வந்துக்கிட்டிருக்கு."

"ஆறாவதுல?"

"தாண்டிக்கிட்டிருக்கு."

"அப்ப உத்தமபாளையம் எங்க?"

டீச்சர் வரிசையில் விரலை ஓட்டிக்கொண்டே போனார். "எல்லாப் பக்கத்துலயும் ஒரே நாய், ஒரே எடத்துல, கால் மட்டும் மாறுது. செக்போஸ்ட்டுல உக்காந்து காத்திருக்கணும்ல? இங்க உக்காரப் போகுது. அடுத்ததுல எந்திரிக்குது. உக்காந்த படம் எங்க தம்பி?"

"அது நடுவுல..." என்று தொடங்கி நிறுத்தினேன்.

பதினாறாவது பக்கத்துக்கு வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கிய பெண் குனிகிறாள். நாய் முகத்தைத் தூக்குகிறது. அவள் கைக்கும் நாயின் தலைக்கும் நடுவில் இரண்டு விரற்கடை இடைவெளி.

"தொடலையே" என்றார்.

"அடுத்து தொடுவாக."

"அடுத்து பக்கமே இல்ல. அட்டைதான இருக்கு."

முதலாளி எனக்காகப் பேசினார். "விசிறுனா நல்லாத்தான ஓடுது? பிள்ளைகளையும் அப்படி விசிறிப் பாக்கச் சொல்லலாம்ல?"

"எங்க பிள்ளைக ஒரு பக்கத்தையே ஒரு வாரம் பாத்துக்கிட்டு இருக்கும். தொட்டாகளா இல்லையான்னு என்னையத்தான் கேக்கும்." பிறகு அவருக்கே என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்து என் முன்னால் வைத்தார். "கடைசிப் பக்கத்த மட்டும் இங்கனயே போடுங்க. கை தலையில இருக்கணும். அது சரியா வந்தா மத்ததயும் மாத்திக்கலாம். ஒரு மாசம் தர்றோம்."

பென்சிலை எடுத்தேன். வெள்ளைத் தாள். அடியில் எந்தக் கோடும் தெரியவில்லை. கை தாளுக்கு மேலேயே நின்றது. கடையில் ஆட்கள் வந்தார்கள், பசை கேட்டார்கள், ஜியாமெட்ரி பாக்ஸ் கேட்டார்கள், போனார்கள். கடைசியில் போட்டேன். கை தலையில் இருந்தது. நாய் கண்ணை மூடியிருந்தது. அவசரத்தில் போட்டதற்கு மோசமில்லை என்று நினைத்து நீட்டினேன்.

டீச்சர் பார்த்துவிட்டுக் கணவரிடம் கொடுத்தார். அவர் சொன்னார்: "இது டிவியில வர்ற நாய்ல்ல? அந்தக் கொரங்கு கூட வருமே."

அதேதான். எங்கள் தொடரில் மூத்தவர் வரைந்த கடைசிப் படம் ஒன்று. நூறு முறை என் மேசைக்கு வந்திருக்கும். கோம்பையில் பிறந்தவன் போட்ட நாயில் கோம்பை நாய் இல்லை. எதுவாவது போய்ச் சேர வேண்டுமென்றால், அதற்கு என் கைக்குத் தெரிந்ததெல்லாம் வேறொருவர் சேர்த்து வைத்த இடம்தான்.

"இன்னொரு தடவ போட்டுப் பாக்குறேன்" என்றேன். இன்னும் மூன்று முறை போட்டேன். நாலாவதை அவர்களிடம் காட்டவில்லை. நானே கசக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"ஸ்கூல் தெறக்குறதுக்குள்ள அச்சு முடியணும் தம்பி" என்றார் முதலாளி. "மதுரையில ஒருத்தரு இருக்காரு, அவரக் கேக்குறோம். மனசுல வச்சுக்காதீங்க. உங்க கைக்கு அந்த சினிமா வேலைதான் சரி. ஓடுற ஓட்டம் என்னமா இருக்கு!"

கோப்பைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். கம்பம் பஸ் நிற்கிற இடத்தில் தூணில் சாய்ந்து ஸ்டுடியோவுக்குப் போன் போட்டேன்.

"சேட்டா, அந்தக் கம்ப்யூட்டர் வேல... நான் படிச்சுக்கறேன். கையெழுத்தும் போடறேன்."

அவருக்குப் பின்னால் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது.

"எடா, சனியாழ்ச்ச வரை ஞான் காத்திருந்தேன். இன்னைக்குத் திங்கள். பாலக்காட்டுல இருந்து கோர்ஸ் படிச்ச ஒரு பெண்குட்டி வந்தாச்சு."

"பழைய மேசையில ஏதாச்சும்? எதுன்னாலும் சரி."

"மேசையோ? இப்போ லாரியில ஏத்திக்கிட்டு இருக்கு. கேக்குதில்லே சத்தம்? கண்ணாடி மட்டும் எடுத்து வச்சிருக்கு, நினக்கு வேணுமோ?"

அவர் பரிகாசம் செய்யவில்லை. உண்மையிலேயே கொடுக்கத்தான் கேட்டார். வேண்டாம் சேட்டா என்று சொல்லிப் போனை வைத்தேன்.

சனிக்கிழமை வரை இதுவா அதுவா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். சம்பளம், பெயர், நிற்கிற படம், ஓடுகிற படம். புத்தகத்துக்குப் போட எனக்கு வரவில்லை. எனக்கு வந்த வேலையோ லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. நான் தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொண்ட இரண்டில் எதுவும் என் கையில் இருந்ததே இல்லை. இதைப் பஸ்ஸில் சின்னமனூர் தாண்டும்போது புரிந்துகொண்டேன். புரிந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அன்று நடக்கவும் தோன்றவில்லை. கடைசி வரை பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தேன்.

கூடலூரில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"ஏலே, ஸ்டுடியோவ விட்டுட்டியா?"

"விட்டுட்டேன்."

"புத்தகம்?"

"வேணாம்னுட்டாக."

"அப்ப ரெண்டும் போச்சா?"

"ரெண்டும் போச்சு."

அவள் கோப்பைப் பிரித்துப் பார்த்தாள். ஒவ்வொரு தாளாகப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று பார்த்தேன். "நாய் நல்லாருக்கு" என்று சொல்லி, பீரோவுக்கு மேலே பழைய ரேஷன் பைகளோடு வைத்தாள். பிறகு, "சாப்பிடு" என்றாள். சாப்பிட்டேன். மச்சான் அடுத்த நாள் தன் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போவதாகவும், வருவதானால் அங்கே களை எடுக்க ஆள் வேண்டுமென்றும் சொன்னார். பார்க்கலாம் என்றேன்.

காலையில் அவர் ஜீப்பில்தான் ஏறினேன். மூன்றாவது வளைவில் இறக்கிவிடச் சொன்னேன். "இங்கன என்ன இருக்கு?" என்று கேட்டார். வேலை என்றேன்.

மேஸ்திரி ஆட்கள் அதற்குள் நாலாவது வளைவுக்குக் கீழே போயிருந்தார்கள்; ஜீப் நெரிசலில் ஏறும்போது நான் கவனிக்கவில்லை. இறங்கிப் போனேன். அவர் என்னைப் பார்த்தார், வெறுங்கையைப் பார்த்தார். புத்தகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தப் பெண் மட்டும், "என்னையப் போட்டீகளா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன்.

"கறுப்புதான். தெரியும்ல?" என்று மேஸ்திரி டப்பாவை நீட்டினார். "மூணாவது வளைவுல இருந்து இதுவரைக்கும் வரிசையா வெள்ளை அடிச்சாச்சு. நீ நடுவுல ரொப்பிக்கிட்டே வரணும். வெள்ளையில படக் கூடாது, ஓரம் சுத்தமா இருக்கணும். செய்வியா?"

"செய்வேண்ணே."

"நெசமாவா? கை நடுங்குது."

"பிரஷ் எடுத்தா நிக்கும்."

மறுபடி மூன்றாவது வளைவுக்கு ஏறி, முதல் கல்லின் முன்னால் குந்தினேன். மேலே ஒரு சாண் வெள்ளை, கீழே ஒரு சாண் வெள்ளை. பிரஷ்ஷைக் கறுப்பில் தோய்த்தேன். கையின் நடுக்கம் நின்றுவிட்டது.